சனிக்கிழமை அக்கா

என் மகனுக்கு வலிப்பு வந்தால் அதை நிறுத்துவது என் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கலாம். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் முதல் தடவை பையனுக்குக் கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் "இரும்பக் குடு, கையில இரும்பக் குடு" என்று பதற, நான் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. நின்றதா இல்லையா? நின்றது. அப்புறம் என்ன சாட்சி வேண்டும்?

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "அது தானா வரும், தானா நிக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ரொம்ப நேரம் நிக்கலன்னா தூக்கிட்டு வந்துடுங்க. கையிலயும் வாயிலயும் எதையும் திணிக்காதீங்க." நான் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கொத்தில் இன்னும் இரண்டு பழைய சாவிகளைச் சேர்த்துக்கொண்டேன். எந்தப் பூட்டுக்கும் உதவாத சாவிகள். எடைக்காக.

குமரனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பேச்சு வரவில்லை. நுனிக்காலில் நடப்பான். வட்டமாக எது கிடைத்தாலும் தரையில் சுழற்றிவிட்டு, அது ஆடி அடங்கும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். வலிப்பு பெரும்பாலும் விடியற்காலையில் வரும், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில். அதையும் நான் சாவிக்குச் செய்யும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். பகலில் நான் வேலைக்குப் போய்விட்டால் என் மனைவி செல்விக்கு ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு கொடுத்து வைத்திருந்தேன். அவள் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கூத்தை முதலில் பார்த்துச் சிரித்தவர், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் "என்னய வச்சிக் கத எழுதுறியா" என்று எங்கிருந்தாவது வந்து நின்றுவிடுவார். கடலோரக் கோட்டுச்சேரிமேட்டு மனுஷி. சுனாமிக்குப் பிறகு கடற்கரையைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீட்டில் இருந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினிய அன்னக்கூடை. அவர் எங்கள் கோட்டுச்சேரிக்குள் நுழைவதற்கு முன்பே குரல் நுழைந்துவிடும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். மீனைப் பார்த்துத்தான் பேசுவார். அதனால் திட்டு நமக்கா, கெளுத்திக்கா என்று ஒரு சந்தேகம் இருக்கும். நமக்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை மீனைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். செல்வி சொன்னதுதான் இது.

"இந்தக் கதவ ஏன் எப்பவும் பாதிதான் தொறக்குற?"

"பய ஓடிடுவான்க்கா."

"நீ எப்ப ஓடுவ?"

செல்விக்குப் புரியவில்லை.

"நாளைக்கி வெள்ளி. மாதாகோயில் தெருக்காரங்க வாங்குவாங்க, பொழப்பு ஓடும். நாளன்னைக்கி சனி. இந்தப் பக்கம் ஒருத்தனும் மீன் பக்கம் திரும்ப மாட்டான். கூடையக் கவுத்துட்டுச் சும்மாதான் கெடப்பேன். பயலக் காலையில வந்து அழச்சிட்டுப் போறேன். பொழுதுசாயக் கொண்டாந்து வுடுறேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? நீ சும்மா இருக்கத்தான்."

செல்வி இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் மூளை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பெற்றவர்களே திணறுகிற பிள்ளையை ஒருத்தி சும்மா வந்து தூக்கிக்கொண்டு போவாளா? அதுவும் சனிக்கிழமையாகப் பார்த்து?

நான் வேலை பார்த்தது திருநள்ளாற்றில், கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு துணிக்கடையில். நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கட்டியிருந்த துணியைக் குளத்தோடு விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உடுத்திக்கொண்டு சாமி பார்க்கப் போவார்கள். அந்தப் புதிதான ஒன்றை விற்பதுதான் என் பிழைப்பு. சனி பகவான் பிடித்தவர்களை நகைச்சுவையோடு வரவேற்று, அளவு சரியில்லாத வேட்டியைத் தலையில் கட்டுவேன். சனிக்கிழமை என்றால் எனக்கு இடுப்பு ஒடியும். அந்தக் கூட்டத்தை நம்பிக் கோயில் தெருவில் பிச்சைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளையும் சில சமயம் பார்த்திருக்கிறேன்.

கணக்கு முடிந்தது. அக்கா என் மகனைத் திருநள்ளாற்றில் உட்கார வைக்கப் போகிறார்.

இதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடிப்பாள். சனிக்கிழமை காலையில் நான் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் அக்கா வந்து பையனைக் கூட்டிப் போயிருக்கிறார். பதினோரு மணிக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முதலாளியிடம் குடோனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். துணி போர்த்திப் படுத்திருந்தவர்களை நின்று இரண்டு தடவை பார்த்தேன். மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போனேன்.

"யோவ், மூணாவது தடவையா வர்ற" என்றார் தாடிக்காரர் ஒருவர். "குடுக்குறதா இருந்தா குடு. இல்ல, பொண்ணு கிண்ணு பாக்குறியா?"

அதற்குள் தோளில் இருந்த துண்டுக் கட்டை யாரோ கவனித்துவிட்டார்கள். எவனோ வேண்டுதலுக்குத் துணி தானம் செய்ய வந்திருக்கிறான் என்று வரிசை எழுந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. நான் "இல்லீங்க, இல்லீங்க, நான் தேடுறது வேற" என்று சொல்லச் சொல்லக் கைகள் நீண்டன. துண்டுகளில் பாதியை இழந்து கடைக்கு ஓடிவந்தேன். முதலாளி என் கையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், சம்பளம் பிடிப்பதற்கு முந்திய பார்வை அது.

குமரன் அங்கே இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அப்படியென்றால் எங்கே? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிவிஎஸ்ஸை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் செல்வியின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன, அசைவில்லாமல். எனக்கு உலகமே முடிந்துபோயிற்று. மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் என்று நானே கதை கட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டி, தெருவையே கூட்டிவிட்டேன்.

செல்வி எழுந்து வந்து கதவைத் திறந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

"ஏன் இப்புடிக் கத்துறீங்க? தூங்குனேன்."

பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

பொழுதுசாய அக்கா பையனோடு வந்தார். தலை வாரி, முகத்தில் பவுடர் போட்டுச் சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டிருந்தது. நான் பாய்ந்தேன்.

"சாப்ட்டானாக்கா?"

"பாத்தாப் பட்டினி கெடந்தவன் மாதிரியா இருக்கு?"

"அழுதானா?"

"நீ அழுதியா? அத சொல்லு." பிறகு என்னை விட்டுவிட்டுச் செல்வியைப் பார்த்தார். "என்னா பண்ணின?"

"துணியெல்லாம் தொவச்சேன்க்கா, அப்புறம்..."

"அது வேல. நான் கேட்டது அது இல்ல. ஒனக்கு என்னா பண்ணின?"

"தூங்குனேன்."

"அது."

அவ்வளவுதான். கூடை இல்லாத தலையோடு கையை வீசிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. என்ன தின்றான், எத்தனை தடவை விழுந்தான், யாரைக் கடித்தான், ஒன்றும் வராது. ஆனால் நாம் என்ன செய்தோம் என்பதைக் கறாராகக் கேட்டு வாங்கிக்கொள்வார். செல்வி ஒரு சனிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் மகனுக்காக அர்ச்சனை செய்துவிட்டு வந்ததாகச் சொன்னபோது, "அதுவும் அவன் வேலதானே" என்று தள்ளுபடி செய்துவிட்டார். அடுத்த வாரம் அவள் காரைக்காலுக்கு பஸ் ஏறிப் போய், வாங்காமலேயே வளையல் கடைகளைச் சுற்றிவிட்டு, லெமன் சோடா குடித்து வந்தாள். அக்கா அந்த லெமன் சோடாவைப் பற்றி விலாவாரியாக விசாரித்தார். உப்புப் போட்டதா, சர்க்கரையா, ஐஸ் இருந்ததா. என் மகன் உயிரோடு இருந்தானா என்று கேட்டால் பதில் இல்லை. லெமன் சோடாவுக்கு இவ்வளவு கேள்வி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். சமையலறை ஜன்னல் உயரமாக இருந்தது. ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். உள்ளே குமரன் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். அவனைச் சுற்றி வலையில் கட்டுகிற பிளாஸ்டிக் மிதவைகள். ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. சுவரோரம் பாயில் ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் இருக்கும், தலையணைகளை அண்டைகொடுத்துச் சாய்ந்திருந்தாள். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மிதவை சாயும்போதெல்லாம் அவள் தொண்டைக்குள்ளிருந்து சிரித்தாள். அக்காவுக்கு அப்படி ஒரு மகள் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் மீன் வாங்குகிறோம், கேட்டதில்லை.

மீன் பெட்டி என் எடையைத் தாங்கவில்லை. நான் சேற்றில் உட்கார்ந்தபோது அக்கா பின்கதவில் நின்றார்.

"வயித்துவலின்னு சொல்லிட்டு வந்தியா, தலவலியா?"

"வயித்துவலிதான்க்கா."

"நல்லதாப் போச்சி. உள்ள வா. இவ பேரு அஞ்சலை. இவளுக்குக் கஞ்சி ஆத்தி வச்சிருக்கேன், ஸ்பூனுல குடு. துப்புவா, தொடச்சிட்டுக் குடு. நான் வெளிய போயிட்டு வர்றேன்."

"எங்கக்கா? எப்ப வருவீங்க? அக்கா, எனக்கு இதெல்லாம்..."

போய்விட்டார். முந்தானையை உதறிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தப் பகலை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வலிப்பு வந்தால் கொத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுக்க வேண்டியிருக்கும் என்று, வளையத்தைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டேன். அஞ்சலை முதல் வாய்க் கஞ்சியை என் சட்டையில் துப்பினாள். இரண்டாவதையும். நான் பதறி எழுந்தபோது சாவிகள் கலகலவென்று தரையில் சிதறின. அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உடம்பே குலுங்கிற்று. பிறகு ஒரு வாய்க் கஞ்சிக்கு ஒருமுறை சாவியைக் கீழே போட்டேன். கிண்ணம் காலியாயிற்று. குமரன் ஒரு சாவி வளையத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, மிதவைதான் மேல் என்று முடிவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அக்கா திரும்பிவந்தபோது வாயில் வெற்றிலை.

"எங்கக்கா போனீங்க?"

"காரைக்காலு. புரோட்டா கடையில ஒக்காந்து தின்னேன். எலை போட்டான். சால்னா ஊத்தினான். நான் கேக்காமயே ரெண்டாவது தடவையும் ஊத்தினான்." கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒருத்தரு பரிமாறி எத்தினி வருசமாச்சு."

"அக்கா, அஞ்சலை மொதல்ல துப்பினா, அப்புறம் நான் சாவிய..."

"கேட்டனா?"

நான் தரையில் கிடந்த சாவிகளைப் பொறுக்கி வளையத்தில் கோத்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் மாறின. ஒரு வாரம் அக்கா குமரனை வைத்துக்கொள்வார். மறுவாரம் செல்வி அங்கே போய் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள, அக்கா எங்காவது கிளம்பிவிடுவார். நாகூர் தர்கா வாசலில் அல்வா தின்றுவிட்டு வந்தார். ஒரு தடவை ஒன்றும் செய்யாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ் பார்த்துவிட்டு வந்தார். வந்து செல்வியிடம் ஒப்புவிப்பார், அவள் கேட்காமலேயே.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது வெளியே வந்தது. அக்கா சீக்கிரம் திரும்பிவந்திருக்கிறார். அஞ்சலையைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்த செல்வி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"என்னடி?"

"ஒன்னுமில்லக்கா."

"எனக்கும் மூணு பொறந்துச்சு. எங்க வலிக்குதுன்னு சொல்லு."

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. குமரனைத் தூக்கித் தூக்கி, ஓடுகிறவனை இழுத்துப் பிடித்துப் பிடித்து. எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது. எனக்குத் தெரியும். எங்களுக்குள் இந்தப் பேச்சு வந்தால் இருவரும் சேர்ந்து "பாத்துக்கலாம்" என்போம். புதுச்சேரியில் ஆபரேஷன் என்றால் பத்து நாளாவது ஆகும். அவளோடு நான் இருக்க வேண்டும். அப்போது குமரனோடு யார்? பதில் இல்லாததால் அந்த வலியை இருவரும் வீட்டுச் சாமான் மாதிரி ஒரு மூலையில் வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே பேசினார்.

"சித்திர பொறந்தாக் கடல மூடிடுவான். தடைக்காலம். ஒன்றர மாசத்துக்குப் போட்டு கெளம்பாது. எங்க வூட்டு ஆளும் கரையிலதான். எனக்கும் கூடை தூக்குற வேல இல்ல, அலைச்சல் இல்ல. அப்ப போயி அறுத்துக்கிட்டு வா."

"அத்தன நாளு அவன் இருக்க மாட்டான்க்கா" என்றாள் செல்வி.

"இருப்பான்."

"வலிப்பு வந்துச்சுன்னா?" என்றேன் நான்.

"வந்தா வரும்."

மீனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். தைரியம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் வராது, ஆத்தா இருக்கா என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வந்தா வரும் என்கிறார்.

தடைக்காலம் வந்தது. கிளம்புகிற அன்று காலை அக்கா வீட்டில் குமரனை விட்டோம். மாத்திரை எப்போது, எவ்வளவு என்பதைச் செல்வி சொல்ல, அக்கா திருப்பிச் சொன்னார். எப்படிப் படுக்க வைப்பது என்பதை நான் சொல்லிக் காட்டினேன், நானே தரையில் ஒருக்களித்துப் படுத்து. அக்காவின் புருஷன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். பிறகு நான் மிகுந்த தியாக உணர்ச்சியோடு சாவிக்கொத்தை நீட்டினேன்.

"எந்தப் பூட்டுக்கு?" என்றார் அக்கா, தெரியாதவர்போல்.

"பூட்டுக்கு இல்லக்கா. வலிப்பு வந்தாக் கையில குடுக்கணும். இரும்பு."

அவர் பழையபடி சிரிப்பார் என்று நினைத்தேன். வாங்கிச் சுவரில் ஆணியில் மாட்டினார். "போங்க. பஸ்ஸு வந்துரும்."

குமரன் எங்களைப் பார்க்கவில்லை. மிதவை சுற்றிக்கொண்டிருந்தது. செல்வி இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. உள்ளே விட்ட என் பையை எடுக்க நான் மட்டும் மறுபடி போக வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

சீர்காழி தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் இடுப்பில் கலகலவென்று சத்தம் கேட்டது.

வருஷக்கணக்காகக் கடை சாத்தும்போது ஆணியிலிருந்து கொத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்புகிறவன் நான். கை பழக்கம். பையை எடுத்த கை, போகிற போக்கில் அக்கா வீட்டு ஆணியிலிருந்து சாவியையும் எடுத்து வந்திருக்கிறது.

எழுந்தேன். "கண்டக்டர், நிறுத்துங்க." பக்கத்தில் இருந்தவர் வாந்தி என்று நினைத்து ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்துகொண்டார்.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எதுக்கு எறங்கணும்?"

நான் சாவியைக் காட்டினேன்.

அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க எறங்குனா நானும் எறங்கிருவேன்" என்றாள். "எறங்குனா அப்புறம் நான் போக மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், எறங்குறீங்களா இல்லியா?" என்றார். "இல்லீங்க, சும்மா நின்னு பாத்தேன்" என்றேன். சிதம்பரம் வந்தது, கடலூர் வந்தது, ஒவ்வொரு ஊரிலும் என் கால் மட்டும் தனியாக இறங்கி இறங்கி ஏறியது.

புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நடந்த நடைக்கு, இடுப்பில் சாவிச் சத்தம் கேட்டு ஒரு நர்ஸ், "சார், இது ஆஸ்பத்திரி, ஜெயில் இல்ல, ஒக்காருங்க" என்றார். சாயங்காலம் பூத்திலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவேன்.

"அக்கா, குமரன்..."

"செல்வி எப்புடி இருக்கா?"

"நாளைக்கி ஆபரேஷன்க்கா. குமரன் எப்படி..."

"பயப்படுறாளா?"

"கொஞ்சம். குமரன்..."

"அவகிட்ட சொல்லு, நான் கேட்டேன்னு." போனை வைத்துவிடுவார்.

மறுநாள் சாயங்காலமும் அப்படித்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது என்றேன். "கண்ணு முழிச்சாளா?" என்றார். முழிச்சா என்றேன். "சரி" என்றார். அந்தக் குரலில் ஒரு அசதி இருந்தது. தடைக்காலத்தில் இவருக்கு என்ன அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் திரும்பிவந்தபோது குமரன் எழுந்து வந்து செல்வியின் புடவையை முகர்ந்து பார்த்தான். ஆஸ்பத்திரி வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது. மிதவைகளிடம் திரும்பிப் போய்விட்டான். செல்வி அழுதாள். அக்கா அவளை நிற்கவிடாமல் உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் என்ன சாப்பாடு போட்டார்கள், பக்கத்துக் கட்டிலில் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் ஏதாவது கேட்டேன். வழக்கம்போல் பதில் வரவில்லை.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் இறங்கிய பிறகு ஒரு நாள் கரையில் அக்காவின் புருஷனைப் பார்த்தேன். அவராகவே பேசினார், அதுவே எனக்குத் திகிலாக இருந்தது.

"பயலுக்கு இப்பத் தேவலையா?"

"நல்லாருக்கான். ஏன்?"

"இல்ல, அன்னைக்கி இழுத்துச்சே." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அவ சொல்லலையா?"

அக்கா மார்க்கெட்டில் கூறு போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அவர் எதிரில் நின்றேன். இடுப்பில் சாவி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

அவர் ஒரு அம்மாவுக்கு மத்தியை அள்ளிப் பையில் போட்டு அனுப்பிவிட்டு, மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முதல் பஸ் ஏறியிருப்பேன். செல்வியும் கட்டிலைவிட்டு இறங்கியிருப்பாள்.

"நான் அவன் அப்பன்க்கா."

"ஆமா. அவளுக்கும் நீதானே புருஷன்." ஒரு கூறு மீனை இரண்டாகப் பிரித்தார். "கோவம்னாக் கோவிச்சிக்க. சனிக்கெழம பயல அனுப்பு."

கோபித்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை அனுப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை அனுப்பினேன். அவர் செய்தது சரிதானா என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. அக்கா தலைச்சுமை வியாபாரத்தை விட்டு, அஞ்சலையோடு மூத்த மகன் ஊருக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது.

நடந்தது இதுதான். செல்வியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று விடியற்காலை, குமரனுக்கு வலிப்பு வந்தது. அக்கா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுரையைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் கையில் ஒன்றும் இல்லை. சாவிக்கொத்து புதுச்சேரியில் என் இடுப்பில் இருந்தது. வலிப்பு நின்றது. பையன் தூங்கினான். எழுந்து கஞ்சி குடித்தான்.